ஊர்க்கோழிக்கு என்னத்துக்கு ஊசி?

“ஊர்க்கோழிக்கு என்னத்துக்கு டாக்டரம்மா ஊசி? அது தானா தாங்கும்லா?”

சுரண்டை, வீரகேரளம்புதூர், சேர்ந்தமரம் பக்கம் கால்நடை மருத்துவராக வேலை பார்த்த காலம் முழுக்க இந்தக் கேள்வியைக் கேட்டிருக்கிறேன். 1990களின் தொடக்கத்தில் பீடி சுற்றும் பெண்கள் கேட்டார்கள். 2012க்குப் பிறகு ஷெட் போட்ட பையன்கள், “மேடம், நாட்டுக்கோழிதானே” என்று அதையே வேறு மாதிரி கேட்டார்கள். ஓய்வு பெற்ற பிறகும் வீடு தேடி வந்து கேட்கிறார்கள். கேள்வி அப்படியே இருக்க, கோழியின் இருப்பிடம்தான் மாறிவிட்டது. கொல்லையில் கறையான் கிளறித் தின்ற கோழியும், ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்கடியில் ஆயிரம் தலைகளோடு நிற்கும் கோழியும் ஒரே இனமாக இருக்கலாம். ஆனால் நோயைத் தாங்கும் சக்தி இரண்டுக்கும் ஒன்றாக இருப்பதில்லை. அதில் பாதி ரத்தத்தில் வருவது என்றால் மீதிப் பாதி நாம் வளர்க்கும் விதத்தில் வருவது. செத்த கோழிகளை அறுத்துப் பார்த்தே இதை நான் கற்றுக்கொண்டேன்.

நான் வேலைக்கு வந்த புதிதில் இந்தப் பக்கத்துக் கிராமங்களில் கோழிப் பண்ணை என்று எதையும் பார்த்ததில்லை. வீட்டுக்கு நாலைந்து பெட்டை, ஒரு சேவல். பெண்கள் திண்ணையில் சுளகை மடியில் வைத்துப் பீடி சுற்றுவார்கள். கோழி அதுபாட்டுக்குத் தெருவையும் தொழுவத்தையும் சுற்றி மேயும். முட்டைக் காசும், கோயில் கொடைக்குச் சேவல் விற்ற காசும் அவர்கள் கையோடு நிற்கும். சாயங்காலம் குடாப்புக் கதவை அடைத்தால் வேலை முடிந்தது. குஞ்சுத் தாய்க்கு மட்டும் பஞ்சாரம்.

அடை வைப்பதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். பழைய கூடையில் மணல், அதன்மேல் வைக்கோல், ஓரத்தில் ஒரு கரித்துண்டும் இரும்புத் துண்டும். பீடி சுற்றும் வீடுகளில் இன்னொன்றும் சேரும்: சுளகில் மிஞ்சிய புகையிலைத் தூளை வைக்கோலுக்கு அடியில் ஒரு பிடி தூவிவிடுவார்கள். அடைக்கோழிக்குப் பேன் ஏறினால் அது முட்டையை விட்டு எழுந்து எழுந்து ஓடும், பாதி முட்டை கூமுட்டையாகிவிடும். புகையிலைக்குப் பேன் அண்டாது. கால்நடைக் கல்லூரியில் எனக்கு யாரும் சொல்லாத பாடம் அது. குஞ்சு பொரித்ததும் பழைய பானைக்குள் சாணியும் கிழிந்த சாக்கும் திணித்து ஈரமான இடத்தில் கவிழ்த்து வைப்பார்கள். மறுநாள் காலையில் பானை நிறையக் கறையான். குஞ்சின் உடம்பில் நோய் எதிர்ப்பு உறுப்புகள் வளர்கிற முதல் சில வாரங்களில் அதற்கு வேண்டியது நல்ல புரதம். அது காசில்லாமல் பானையில் கிடைத்தது. கொல்லையில் கொத்தும் கீரையிலிருந்து கிடைக்கும் வைட்டமின் ஏ, மூக்கு, தொண்டை, குடல் ஆகியவற்றின் உள்தோலை நன்றாக வைத்திருக்கும். கிருமி உள்ளே நுழையும் வாசல்கள் அவைதானே.

இவ்வளவும் உண்மை. ஆனால் “அந்தக் காலத்துக் கோழிக்குச் சீக்கே வராது” என்று இன்றைக்குச் சொல்கிறவர்கள் யாரும் பங்குனி மாதம் அந்தத் தெருக்களில் நடந்தவர்கள் இல்லை. மாசி பிறந்து பனி விலகி வெயில் ஏறும்போது வெள்ளைக்கழிச்சல் வரும். “நேத்து சாயங்காலம் வரைக்கும் நல்லா மேஞ்சுது டாக்டரம்மா, காலைல குடாப்பைத் திறந்தா நாலு விழுந்து கிடக்கு” என்று வந்து நிற்பார்கள். மிச்சக் கோழிகள் இறகைச் சிலிர்த்துக்கொண்டு மூலையில் நிற்கும். பச்சையும் வெள்ளையுமாகக் கழிச்சல். பிழைத்தாலும் சிலவற்றுக்குக் கழுத்து திருகிக்கொள்ளும். தீனியைக் கொத்தப் போனால் தலை வேறு பக்கம் போகும். ஒரு தெருவில் தொடங்கினால் பத்து நாளில் ஊரே காலி. 1926இல் ஜாவாவிலும் இங்கிலாந்தின் நியூகாசிலிலும் கண்டறிந்த அதே நோய்தான். நம் நாட்டில் குமாவோன் மலையிலுள்ள ராணிகேத் ஊரின் பெயரில் வழங்குகிறது.

அது ஏன் பங்குனியில் கிளம்புகிறது? பருவம் மாறுவதால் கோழியின் உடம்பு தளர்வது ஒரு காரணம். எனக்கு அதைவிடப் பெரிதாகத் தெரிந்தது சாமி கொடை. கோடை தொடங்கினால் மாடன் கோயில், அம்மன் கோயில் என்று ஊருக்கு ஊர் கொடை. நேர்ந்துவிட்ட சேவல் போதாமல் மேலப்பாளையம் செவ்வாய்ச் சந்தையிலிருந்தும் வியாபாரிகளிடமிருந்தும் சேவல்கள் வந்து இறங்கும். எந்த ஊரிலிருந்து வந்ததென்று யாருக்கும் தெரியாது. அறுத்த இறகும் குடலும் குப்பைக்குழிக்குப் போகும், ஊர்க்கோழி அங்கேதான் கிளறும். ஒரு வீட்டில் கோழி சுணங்கியதும், செத்தால் நஷ்டம் என்று மற்றதை அவசரமாக வந்த விலைக்கு விற்றுவிடுவார்கள். அந்தக் கோழி அடுத்த ஊருக்கு நோயைக் கொண்டுபோகும். பாவம், அவர்களைக் குறை சொல்ல முடியாது. அவர்கள் கையிலிருந்த முதல் அவ்வளவுதான்.

ஒரு தாய்க்கோழி பத்துப் பன்னிரண்டு குஞ்சு பொரித்தால் விற்கும் வயசுக்கு வருவது மூன்றோ நாலோ. பருந்து, காக்கை, கீரி, பூனை தூக்கியது கண்ணுக்குத் தெரியும். நோயில் போனதும் பலவீனமாகிப் பின்தங்கிப் பிடிபட்டதும் கணக்கில் வராது. எல்லாச் சோதனையையும் தாண்டி நின்ற அந்த நாலைப் பார்த்துத்தான் ஊர்க்கோழி எதையும் தாங்கும் என்று சொல்கிறோம். அந்த நாலிடம் விஷயம் இருக்கிறது என்பதும் உண்மைதான். வைரஸைச் சந்தித்துப் பிழைத்த பெட்டை, தன் ரத்தத்தில் உருவான எதிர்ப்புப் பொருளை மஞ்சள்கரு வழியாகக் குஞ்சுக்குக் கொடுக்கிறது. அது இரண்டு மூன்று வாரம் குஞ்சைக் காக்கும். மண்ணில் கொத்தும்போது ரத்தக்கழிச்சல் கிருமி கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போய், குஞ்சு சாகாமலே அதற்கு எதிர்ப்பு உண்டாகும். இந்த இரண்டு ஏற்பாடும் ஷெட்டுக்குள் எப்படிக் கெட்டுப்போகிறது என்பதைப் பிற்பாடு பார்த்தேன்.

அந்த நாட்களில் தடுப்பூசி போடுவது தனி உழைப்பு. 1932இல் ராணிப்பேட்டையில் தொடங்கிய நோய்த் தடுப்பு மருந்து நிறுவனத்திலிருந்து மருந்து வரும். உயிருள்ள வைரஸ் அது. வெயில் பட்டால் செத்துவிடும். ஐஸ் போட்ட பிளாஸ்க்கில் வைத்துக்கொண்டு விடியும் முன்னே ஊருக்குள் போய்ச் சேர வேண்டும். கோழியைத் திறந்துவிட்ட பிறகு போனால் பிடிப்பதற்குள் பொழுது ஏறிவிடும். எட்டு வாரம் தாண்டிய கோழிக்கு இறக்கைக்கு அடியில் தோலைத் தூக்கி அரை மில்லி. கரைத்த மருந்தை இரண்டு மணி நேரத்துக்குள் போட்டு முடிக்க வேண்டும். பிறகு பிப்ரவரி முதல் பாதியில் மாநிலம் முழுக்க இருவாரத் தடுப்பூசி முகாம் என்று ஆனது. பங்குனிக்கு முன்னாலேயே எதிர்ப்பு ஏறிவிடுகிற மாதிரி அந்தத் தேதி அமைந்திருக்கிறது.

ஊசி போட்டும் சாகிற கோழிகள் இருந்தன. ஒரு கிராமத்தில் முகாம் முடிந்து ஒரு மாதம் கழித்து வெள்ளைக்கழிச்சல் வந்தது. ஒரே மருந்து, ஒரே காலை, ஒரே கை. மேலத்தெருவில் கோழிகள் நின்றன, கீழத்தெருவில் விழுந்தன. கீழத்தெருவில் செத்ததை வேப்பமரத்தடியில் பலகை போட்டு அறுத்தேன். இரைப்பைக்கு முன்னால் உள்ள சுரப்பிப் பையின் உள்பக்கம் ஊசி முனை அளவில் ரத்தப்புள்ளிகள். ராணிகேத் என்று சொல்ல வேறு அடையாளம் தேவையில்லை. குடலைக் கீறியபோதுதான் காரணம் வெளியே வந்தது. வேகவைத்த சேமியாவைக் கொட்டியது போல உருண்டைப் புழுக்கள். அடுத்தடுத்து அறுத்ததிலும் அப்படியே. கீழத்தெரு கோழிகள் சாக்கடை ஓரத்து ஈர மண்ணிலேயே நாள் முழுக்க மேய்ந்தவை. குடற்புழு நிறைந்த கோழியின் உடம்பு புழுவோடு மல்லுக்கட்டுவதிலேயே நிற்கிறது. தடுப்பூசிக்குக் காட்ட வேண்டிய எதிர்ப்பு குறைகிறது. வெளிநாட்டு ஆய்வுகளும் பிற்பாடு இதையே சொன்னதைப் படித்தேன். அன்று முதல், ஊசிக்கு ஒரு வாரம் முன்பு புழு மருந்து கொடுக்காத கோழிக்கு ஊசி போடுவதை நான் அரை வேலையாகத்தான் நினைக்கிறேன்.

மேய்ச்சல் கோழியின் பலமும் பலவீனமும் ஒரே மண்ணில்தான் இருக்கின்றன. வெயில், ஓட்டம், பச்சை, பூச்சி, நெருக்கடி இல்லாத மனசு எல்லாம் அதற்கு நல்லது. புழுவும், பேனும், பக்கத்து வீட்டுச் சீக்குக் கோழியும் அதே மண்ணில்தான்.

பிறகு காலம் மாறியது. குற்றால சீசனுக்கு வருகிற கூட்டம், பிரானூர் பார்டர் கோழிச் சாப்பாட்டுக் கடைகளின் பெயர், புளியரை வழியாகக் கேரளத்துக்குப் போகும் சரக்கு என்று நாட்டுக்கோழிக்குக் கிராக்கி ஏறியது. 2012-13இல் அரசு நாட்டுக்கோழிப் பண்ணைக்கு மானியத் திட்டம் அறிவித்ததும் இன்னும் வேகம். வெளிநாட்டிலிருந்து திரும்பியவர்கள், வேலை கிடைக்காத பட்டதாரிகள், நகையை அடகு வைத்த குடும்பங்கள் ஷெட் போட்டார்கள். இன்குபேட்டர் குஞ்சு ஆயிரம் இறக்குவார்கள். முதல் பேட்ச் நன்றாக வரும். ஷெட் புதிது, மண் புதிது, கிருமி இன்னும் குடியேறவில்லை. அந்த லாபத்தைப் பார்த்து இரண்டாவது ஷெட் எழும்பும். மூன்றாவது நாலாவது பேட்சில் எனக்குப் போன் வரும்.

அப்படி ஒரு காலையில் போன ஷெட்டில் ஐந்து வாரக் குஞ்சுகள் குவியல் குவியலாகக் கிடந்தன. பெருவிடை, சிறுவிடை கலந்த குஞ்சுகள். “எல்லா ஊசியும் போட்டாச்சு மேடம், தேதி எழுதி வச்சிருக்கேன்” என்று அந்தப் பையன் நோட்டை நீட்டினான். உண்மையாகவே எழுதியிருந்தான். ஏழாம் நாள் கண்ணில் சொட்டு, பதினாலாம் நாள் கம்போரோ, இருபத்தெட்டாம் நாள் ராணிகேத்துக்கு லசோட்டா. அறுத்தேன். தொடைச் சதையில் தீற்றல் தீற்றலாக ரத்தக்கசிவு. ஆசனவாய்க்கு மேலே உள்ள சிறிய பை வீங்கி, மேலே கூழ் படிந்திருந்தது. கம்போரோ. பக்கத்திலேயே வேறு சில குஞ்சுகளில் ராணிகேத்தின் ரத்தப்புள்ளிகளும் இருந்தன.

அந்தப் பைக்கு ஃபாப்ரீசியஸ் பை என்று பெயர். அதன் வேலை என்னவென்று முந்நூறு ஆண்டுக்கு மேல் யாருக்கும் தெரியாது. அமெரிக்காவின் ஓஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் புரூஸ் கிளிக் என்ற ஆராய்ச்சி மாணவர் அதைக் குஞ்சுகளிலிருந்து வெட்டி எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். நண்பர் ஒருவர் வகுப்பில் எதிர்ப்புப் பொருள் உண்டாவதைக் காட்டுவதற்கு அந்தக் கோழிகளை வாங்கிப்போனார். பை இல்லாத கோழிகள் எதிர்ப்புப் பொருளையே உண்டாக்கவில்லை. 1956இல் அதைக் கோழி அறிவியல் இதழ் ஒன்றில் வெளியிட்டார்கள். மனித மருத்துவத்தின் நோய் எதிர்ப்பு அறிவுக்கே அது ஓர் அஸ்திவாரம். கம்போரோ வைரஸ் போய்த் தாக்குவது அந்தப் பையைத்தான். மூன்றிலிருந்து ஆறு வாரத்துக்குள் அந்தப் பை அழிந்தால், அதற்கப்புறம் எந்த ஊசி போட்டாலும் கோழியின் உடம்பு சரியாகப் பதில் சொல்லாது. ராணிகேத் அதன் பின்னாலேயே நுழையும்.

ஊசி போட்டும் கம்போரோ ஏன் வந்தது? அந்தக் குஞ்சுகளின் முட்டை எங்கிருந்து வந்ததென்று விசாரித்தேன். ஊர் ஊராகச் சுற்றி வியாபாரி பொறுக்கிய முட்டை. ஒரு தாய்க்கு ஊசி போட்டிருப்பார்கள், இன்னொன்று நோயில் பிழைத்திருக்கும், மூன்றாவது எதையுமே பார்த்திருக்காது. ஆக ஒரே டிரேயில் பொரித்த நூறு குஞ்சுக்குத் தாய் கொடுத்த எதிர்ப்பு நூறு அளவில் இருக்கும். நிறைய வைத்திருக்கும் குஞ்சில் பதினாலாம் நாள் கொடுத்த தடுப்பு மருந்தை அந்த எதிர்ப்பே தின்றுவிடும். எதுவும் இல்லாத குஞ்சுக்குப் பதினாலாம் நாள் என்பது ரொம்பத் தாமதம். தேதியில் பிழையில்லை, குஞ்சுகள்தான் ஒரே மாதிரி இல்லை. கொல்லையில் தாய்க்குக் கீழே பொரித்த பத்துக் குஞ்சில் இந்தக் குழப்பம் பெரிதாகத் தெரியாது. ஆயிரத்தை ஒரே கூரைக்கடியில் அடைத்தால் நோய் தாங்காத குஞ்சு ஒன்று போதும், வைரஸ் பெருகுவதற்கு. அதனால்தான் இன்று யார் குஞ்சு வாங்கப் போனாலும், விலையைக் கேட்கும் முன்னால் தாய்க்கோழிகளைக் காட்டச் சொல்லுங்கள், அவற்றுக்குப் போட்ட ஊசியைக் கேளுங்கள் என்கிறேன்.

வாரா வாரம் விற்பனை வேண்டும் என்று வாரா வாரம் நூறு குஞ்சு இறக்குகிற பழக்கம் இன்னொரு வினை. பெரிய கோழி சுமக்கும் கிருமி சின்னதுக்கு இறங்கிக்கொண்டே இருக்கும். ஷெட் ஒரு நாளும் காலியாகாது, கழுவிச் சுண்ணாம்பு அடிக்க இடைவெளியே கிடைக்காது. எல்லாக் குஞ்சையும் ஒன்றாக இறக்கி ஒன்றாக ஏற்றி, இரண்டு வாரமாவது ஷெட்டைக் காயப்போட்டவர்கள் தப்பினார்கள்.

சாரல் காலத்தைச் சொல்லாமல் தென்காசிப் பக்கத்துக் கோழியைப் பற்றிப் பேச முடியாது. ஆனி, ஆடியில் செங்கோட்டைக் கணவாய் வழியாகக் காற்று இறங்கும். மனுஷருக்குச் சுகம். ஷெட்டுக்காரருக்கு ஈரக் காற்று. குஞ்சு குளிரில் நடுங்குமென்று நாலு பக்கமும் தார்ப்பாயை இறக்கிக் கட்டிவிடுவார்கள். உள்ளே உமித்தரையில் எச்சமும் ஈரமும் சேர்ந்து அமோனியா கிளம்பும். நான் போனால் முதலில் செய்வது, கோழியின் உயரத்துக்குக் குத்துக்காலிட்டு உட்கார்வது. நின்றால் தெரியாத நெடி உட்கார்ந்தால் கண்ணில் எரியும். நம் மூக்குக்கே தெரிகிற அளவுக்கு, அதாவது பத்து லட்சம் பங்கு காற்றில் இருபது பங்கு அமோனியா இருந்தாலே, கோழியின் மூச்சுக்குழாயில் அழுக்கையும் கிருமியையும் வெளியே தள்ளும் நுண்ணிய மயிர்கள் கெட ஆரம்பிக்கும். அப்படிப்பட்ட காற்றில் வளர்ந்த கோழிக்கு ராணிகேத் எளிதாகத் தொற்றுகிறது என்று 1964இலேயே அமெரிக்க ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். சளி, மூக்கொழுகல், கண் வீக்கம் என்று மருந்துக் கடைக்கு ஓடுகிறவர்களிடம், முதலில் தார்ப்பாயின் மேல் ஓரத்தில் ஒன்றரை அடி திறந்து விடுங்கள், உமியைக் கிளறிவிடுங்கள், நனைந்ததை அள்ளிப்போட்டுக் காய்ந்த உமி போடுங்கள் என்பேன். பாவூர்சத்திரம் மரமில்களிலிருந்து மரத்தூள் மலிவாகக் கிடைக்கிறதென்று போட்டவர்களும் உண்டு. குஞ்சு அதைத் தீனி என்று தின்றுவிடும், முதல் வாரத்துக்கு அது வேண்டாம்.

ரத்தக்கழிச்சலும் ஈரத்தில்தான் ஆட்டம் போடும். எச்சத்தில் வெளிவரும் முட்டைகள் ஈரமும் சூடும் கிடைத்தால் ஓரிரு நாளில் தொற்றும் நிலைக்கு வந்துவிடும். கொல்லையில் பத்து முட்டை உள்ளே போனால் அது தடுப்பூசிக்குச் சமம். நனைந்த உமியில் லட்சக்கணக்கில் போனால் குடல் கிழிந்து ரத்தமாகப் போகும். இதற்குப் பயந்து கம்பிக் கூண்டில் வளர்த்தவர்கள் இருந்தார்கள். கூண்டில் ரத்தக்கழிச்சல் வரவில்லை. கிருமியே பார்க்காததால் எதிர்ப்பும் வளரவில்லை. முட்டையிடும் வயசில் வெடைக்கோழிகளைத் தரைக்கு இறக்கியதும் அந்த வயசில் வரக்கூடாத நோய் வந்தது.

கூண்டிலும் நெருக்கமான தரையிலும் இன்னொன்று கவனித்தேன். பண்ணைக்கோழியைத் தலைமுறை தலைமுறையாக நெரிசலைப் பொறுக்கிற மாதிரி தேர்ந்தெடுத்து வளர்த்திருக்கிறார்கள். நம் ஊர்க்கோழி, அதிலும் அசீல் ரத்தம் உள்ள பெருவிடை, சண்டைக்கென்றே தேர்ந்தெடுத்த வம்சம். ஒரு சதுர அடிக்கு ஒன்று என்று அடைத்தால் கொத்திக்கொண்டே இருக்கும். ஒன்றுக்கு ரத்தம் வந்தால் மற்றவை அதையே கொத்தும். மூக்கு வெட்டுவார்கள், அதற்குப் பிறகும் அச்சம் போகாது. அச்சத்திலும் நெரிசலிலும் இருக்கிற கோழியின் ரத்தத்தைக் கண்ணாடித் தகட்டில் தேய்த்துப் பார்த்தால் வெள்ளணுக்களில் ஒரு வகை கூடி, எதிர்ப்புக்கு ஆதாரமான லிம்ஃபோசைட் குறைந்திருக்கும். இந்தக் கணக்கைக் கோழியின் அயர்ச்சிக்கு அளவுகோலாகச் சொன்னவர்கள் கிராஸ், சீகல் என்ற இருவர், 1983இல். 2012இல் திருநெல்வேலி ராமையன்பட்டியில் கால்நடை மருத்துவக் கல்லூரி வந்த பிறகு இதைப் பற்றியெல்லாம் எனக்குப் பக்கத்திலேயே பேசவும் கேட்கவும் ஆட்கள் கிடைத்தார்கள். கோடையில் ஆஸ்பெஸ்டாஸ் சூட்டில் வாயைத் திறந்து மூச்சு வாங்குகிற கோழியிலும் இதே கதைதான். கழுத்தில் இறகில்லாத கழுத்தறுத்தான் கோழி அந்தச் சூட்டைக் கொஞ்சம் அதிகம் தாங்கும்.

மருந்துக் கடைகள் இந்த வேதனையில் வளர்ந்தன. குஞ்சு இறக்கிய அன்றே ஆன்டிபயாடிக், வாரத்துக்கு ஒரு முறை மறுபடி, சந்தேகத்துக்கு இன்னொன்று. வைரஸுக்கு எதிராக அது எதுவும் செய்யாது என்று எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறேன். மனுஷருக்குக் கடைசி ஆயுதமாக வைத்திருக்கும் கோலிஸ்டினையே கோழித் தண்ணீரில் கலந்தார்கள். 2019 ஜூலையில் மத்திய அரசு அதைக் கால்நடைக்குத் தடை செய்தது. எனக்கு அந்த உத்தரவு பெரிய நிம்மதி. சீரகம், மிளகு, மஞ்சள், கீழாநெல்லி, வேப்பிலை, பூண்டு, சின்ன வெங்காயம் அரைத்துச் சுண்டைக்காய் அளவில் உருட்டிக் கொடுப்பதை நம் கால்நடைப் பல்கலைக்கழகமே பரப்பியது. சின்ன வெங்காயத்துக்கு எங்கள் பக்கம் பஞ்சமில்லை. சுணங்கிய கோழி தீனி எடுக்க அது உதவுவதைப் பார்த்திருக்கிறேன். ஊசிக்குப் பதில் அது போதும் என்று யாராவது சொன்னால் மறுப்பேன்.

எனக்குப் பிடித்த வளர்ப்பைச் சாம்பவர்வடகரைப் பக்கம் ஒரு தென்னந்தோப்பில் பார்த்தேன். கணவர் வெளியூர் வேலை. அந்த அக்காதான் எல்லாம். குஞ்சை முதல் ஒரு மாதம் ஷெட்டுக்குள் தகரத் தடுப்பில் பல்பு போட்டு வளர்ப்பார். பருந்துக்கும் குளிருக்கும் கொடுக்காமல் அந்த மாதத்தைத் தாண்டவைத்தால் பாதி வெற்றி. அதற்குள் முதல் ஊசிகள் முடிந்துவிடும். பிறகு பழைய மீன்வலையில் நாலாகப் பிரித்த தோப்பில் ஒரு பகுதியில் மட்டும் மேய்ச்சல். மண் கொத்துப்பட்டு வெறுமையானதும் அடுத்த பகுதி. விட்ட பகுதி வெயிலில் காய்ந்து புல் பிடித்துக் கிடக்கும். காலையில் பனி காய்ந்த பிறகே திறப்பார். ஈரப் புல்லில் நத்தையும் பூச்சியும் தின்றால் நாடாப்புழு ஏறும் என்று நான் ஒருமுறை சொன்னதை அவர் விடவே இல்லை. ஒரு மூலையில் சாம்பலும் மணலும் கலந்த குழி, கோழி புரண்டு பேன் போக்க. சாயங்காலம் கம்பிவலை அடித்த ஷெட்டில் பரண் மேல் ஏறிவிடும். ராத்திரி மட்டுமே அடைவதால் உமி நனைவதில்லை, நெடி இல்லை. ஆடிச் சாரலில் சுற்றுவட்டார ஷெட்டுகளில் எனக்கு வேலை இருந்தபோது இங்கே ஒரு டீ குடித்துவிட்டுத் திரும்பியிருக்கிறேன்.

இதையும் கண்ணை மூடிக்கொண்டு புகழ மாட்டேன். அறுவடை முடிந்த வயல்களில் நாடோடி வாத்துக் கூட்டங்கள் வந்து இறங்கும். பறவைக் காய்ச்சல் கேரளத்தில் 2014 இறுதியிலும் 2021 ஜனவரியிலும் ஆலப்புழை, கோட்டயம் பக்கத்து வாத்துகளில் வந்தபோது புளியரைச் சோதனைச் சாவடியில் வண்டிகளுக்குக் கிருமிநாசினி தெளித்தார்கள். அந்தச் சமயம் மேய்ச்சலை நிறுத்தி உள்ளேயே தீனி போடுங்கள் என்று அந்த அக்காவிடம் சொன்னேன். அடைத்த கோழியைவிட மேய்கிற கோழிக்குத்தான் அன்று ஆபத்து அதிகம். எந்த முறையும் எல்லா நாளுக்கும் சரியாக இருப்பதில்லை. காலத்தைப் பார்த்துக் கதவைத் திறக்கவும் அடைக்கவும் தெரிய வேண்டும்.

சோனாலி என்ற கலப்புக் குஞ்சு இப்போது நாட்டுக்கோழி என்றே விற்கிறது. எகிப்து நாட்டு ஃபயூமியும் ரோட் ஐலண்டும் சேர்ந்தது, நல்ல கோழிதான். ஆனால் இந்த ஊர் மண்ணில் பங்குனிகளைத் தாண்டி நின்ற வம்சம் அதில் இல்லை. சிறுவிடை வருஷத்துக்கு அறுபது எழுபது முட்டைதான் இடுமென்று அதைக் கைவிடுகிறவர்களைப் பார்த்தால் வருத்தமாக இருக்கிறது. அடை காத்து, குஞ்சைக் கூட்டி, கறையான் கிளறிக் காட்டுகிற தாய் அது.

இன்றைக்குக் கொல்லைக் கோழி வைத்திருக்கும் வீடுகளுக்கு உள்ள பெரிய சிக்கல் மருந்துக் குப்பியின் அளவு. ஒரு குப்பியில் நூறு கோழிக்கு மருந்து, வீட்டில் இருப்பதோ பத்து. கரைத்த பிறகு வைத்துக்கொள்ள முடியாது. பிப்ரவரி முகாமில் எட்டு வாரம் தாண்டியவை ஊசி பெற்றுவிடும்; அதற்குப் பிறகு பொரித்த குஞ்சுகள் வருஷம் முழுக்க வெறும் உடம்போடு நிற்கும். சுரண்டைக்குப் பக்கத்து ஊர் ஒன்றில் ஒரு தெருப் பெண்கள் இதற்கு வழி கண்டிருக்கிறார்கள். நாலைந்து வீட்டில் பெட்டைகளை ஒரே வாரத்தில் அடை வைக்கிறார்கள். எல்லாக் குஞ்சும் இரண்டு மூன்று நாள் முன்பின்னாகப் பொரிக்கும். ஒருவர் தன் பழைய பீடிப் பாஸ்புக்கின் கடைசிப் பக்கங்களில் யார் வீட்டில் எத்தனை, எந்தத் தேதி என்று எழுதிவைக்கிறார். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரே திண்ணைக்குப் பஞ்சாரத்தோடு வருவார்கள். ஒரு குப்பி, செலவைத் தெரு பங்கிட்டுக்கொள்ளும். இப்போது அந்தப் பட்டியலில் வைகாசியில் பொரித்த குஞ்சுகள் இருக்கின்றன. கண் சொட்டு கொடுத்தாயிற்று. எட்டாவது வார ஊசி ஆடிக் கொடைக்கு முன்னால் வருகிறது. அதற்கு ஒரு வாரம் முந்தியே புழு மருந்தை வாங்கி வைக்கச் சொல்லியிருக்கிறேன். கொடைக்கு வெளியூர்ச் சேவல் வாங்குகிற வீட்டுக்காரர்கள் அதைத் தெருக்கோழியோடு விடாமல் தனியாகக் கட்டிப்போட வேண்டும் என்றும் பாஸ்புக் வைத்திருப்பவர் அதில் எழுதிக்கொண்டார்.